மாரியம்மன் வழிபாடும் மனநல மருத்துவமும்: கயானாவின் மதராஸிப் பெண்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கரீபியப் பகுதிக்குச் சென்றோரின் அம்மன் வழிபாடு, தமிழ்ப் பண்பாட்டின் எச்சமாகவே பெரிதும் பேசப்பட்டு வந்துள்ளது. அவ்வழிபாடு நிலைபெற்றதற்கு அதன் நோய் தீர்க்கும் பயன் முதன்மையான காரணம் என இக்கட்டுரை கருதுகிறது. ஒப்பந்தக்கூலி வாழ்வில் பெண்களுக்கு நேர்ந்த வன்முறை, அதன் தலைமுறை கடந்த உளவடு, 1960களில் பெர்பிஸ் மனநல மருத்துவர்களும் காளி கோயில் பூசாரியும் இணைந்து மேற்கொண்ட முயற்சி, அதன் எல்லைகள் ஆகியவற்றை இது ஆராய்கிறது. மட்டக்களப்பு, தமிழ்நாட்டு நிகழ்வுகள் ஒப்புநோக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஒப்பந்தக்கூலி முறை, கயானா, மாரியம்மன், உளவடு, ஆற்றுப்படுத்தல், குறி சொல்லுதல்.

முன்னுரை

பூவிருந்தவல்லிக்கு அருகிலுள்ள திருவேற்காட்டில் கோயில் கொண்டிருக்கும் தேவி கருமாரியம்மனைத் தலபுராணம் குறி சொல்லும் பெண்ணாகக் காட்டுகிறது. குறத்தி வடிவில் சென்ற அம்மன் கதிரவனுக்குக் குறி சொல்ல முற்பட்டாள், அவன் அவளைப் பொருட்படுத்தவில்லை, ஒளியிழந்தான். பின்னர்ப் பிழையுணர்ந்து, தன் கிழமையாகிய ஞாயிறு அம்மனுக்கு உரியதாக வேண்டும் என வேண்டிக்கொண்டான் என்பது கதை. ஆவடியிலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் அங்கு வரும் பெண்கள் வேப்பிலையோடும் எலுமிச்சையோடும் கொண்டுவருவன பெரும்பாலும் வீட்டுக்குள் சொல்ல இயலாத செய்திகளே. எளிய பெண்ணொருத்தியின் சொல்லுக்குச் செவிசாய்க்காதவன் ஒளியிழந்தான் எனும் கதை அக்கோயிலுக்கு அமைந்தது பொருத்தமே.

அக்கோயிலிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், அம்பத்தூரை ஒட்டிய முகப்பேரில், மனநோயுற்று வீடிழந்த பெண்களுக்காக வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் இருவரும் 1993இல் தொடங்கிய 'பான்யன்' அமைப்பின் இல்லம் உள்ளது. ஒரே வட்டாரத்தில் ஒருவகைத் துயரத்திற்கு இரு வாயில்கள் திறந்திருக்கின்றன. ஒன்றில் அம்மன் கேட்கிறாள். மற்றொன்றில் மருத்துவரும் சமூகப் பணியாளரும் கேட்கின்றனர். இவ்விரு கேட்டல்களும் ஒன்றையொன்று எவ்வாறு மதிப்பிட வேண்டும் என்பது இன்று உலகெங்கும் 'பண்பாட்டுணர்வுடைய உளச்சிகிச்சை' என்ற பெயரில் எழுப்பப்படும் வினா. கரீபியப் பெண்களின் தலைமுறை கடந்த உளவடுவைப் பற்றிய அண்மைக்கால உரையாடல்களிலும் இவ்வினாவே நடுவில் நிற்கிறது. சென்னைக் கரையிலிருந்து கப்பலேறியவர்களின் அம்மன், தென் அமெரிக்காவின் வடகரையிலுள்ள கயானாவில் அறுபதாண்டுகளுக்கு முன்பே ஒரு மனநல மருத்துவமனையோடு உறவு கொள்ள நேர்ந்தது என்பதால், அவ்வினா தமிழாய்வுக்கும் உரியதாகிறது.

கயானா, டிரினிடாட், குவாதலூப் முதலிய இடங்களின் அம்மன் வழிபாட்டைப் பற்றித் தமிழில் எழுதுவோர் பெரும்பாலும் ஒரு பட்டியலைத் தருவர்: கரகம் உள்ளது, உடுக்கை உள்ளது, மதுரைவீரன் உள்ளான், வேப்பிலை உள்ளது. இவ்வளவு தொலைவில் இவை இன்னும் வாழ்கின்றன என்ற வியப்போடு கட்டுரை நிறைவுறும். மொழியை இழந்தவர்கள், ஊர்ப்பெயரை மறந்தவர்கள் உடுக்கையை மட்டும் ஏன் விடவில்லை என்ற கேள்வி அப்பட்டியல்களில் எழுவதில்லை.

கப்பலேறிய பெண்கள்

1838 முதல் 1917 வரை பிரித்தானியக் கயானாவுக்கு ஏறத்தாழ 2,39,000 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக அழைத்துச் செல்லப்பட்டனர். மிகப் பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பலேறிய வடஇந்தியர். சென்னையில் கப்பலேறியவர் ஏறத்தாழ 15,000 பேரே; முதல் கப்பல்கள் 1845இல் புறப்பட்டன. தமிழரும் தெலுங்கரும் கலந்த இச்சிறுபான்மையினரை அங்குள்ளோர் 'மதராஸி' என ஒரே பெயரால் அழைத்தனர். தோட்ட முதலாளிகளிடம் அப்பெயருக்கு நல்மதிப்பில்லை. மதராஸிகள் குடிகாரர், ஓரிடத்தில் தங்காதவர் என்ற குற்றச்சாட்டு காலனிய ஆவணங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. வடஇந்தியரிடையே அது கருநிறத்தையும் மாந்திரிகத்தையும் சுட்டும் சொல்லாயிற்று. ஆக, மதராஸிப் பெண் தோட்டத்தில் கூலி, குடியிருப்பில் பெண், இந்தியரிடையே மதராஸி என மூன்று அடுக்குகளுக்கும் கீழே நின்றவள்.

கப்பலேறியோரில் பெண்கள் குறைவு. 1860களின் இறுதியில், ஆண்கள் நூற்றுவருக்குப் பெண்கள் நாற்பதின்மர் என்ற விகிதம் விதியாக்கப்பட்டது. அவ்விகிதத்தை எட்டவே ஆள்பிடிப்போர் அல்லற்பட்டனர். கைம்பெண்களும், கணவனால் கைவிடப்பட்டோரும், பஞ்சத்தால் ஊரைவிட்டு வெளியேறியோரும் இக்கணக்கை நிரப்பினர். கய்யுத்ரா பகதூர் 2013இல் வெளியிட்ட 'கூலி வுமன்' என்ற நூல், 1903இல் கருவுற்ற நிலையில் கல்கத்தாவிலிருந்து தனியே கப்பலேறிய தம் கொள்ளுப்பாட்டியின் தடத்தைத் தேடுகிறது. அப்பெண் பீகாரைச் சேர்ந்தவர். எனினும், அந்நூல் எழுப்பும் கேள்விகள் சென்னைக் கப்பல்களில் சென்றோருக்கும் பொருந்துவன. அவள் ஏன் புறப்பட்டாள், யாரிடமிருந்து தப்பினாள், அல்லது எவ்வாறு ஏமாற்றப்பட்டாள் என்பன எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பதிவேட்டில் இருப்பன பெயர், வயது, சாதி, உயரம், உடலிலுள்ள தழும்பு ஆகியனவே. உடலின் வடு அடையாளமாகக் குறிக்கப்பட்டது. மற்ற வடுக்களுக்கு அங்குப் பத்தி இல்லை.

தோட்டங்களில் நிகழ்ந்த மனைவிக் கொலைகள் இவ்வரலாற்றின் இருண்ட பக்கம். பிரித்தானியக் கயானாவில் 1859 முதல் 1864 வரையிலான காலத்தில் மட்டும் 23 இந்தியப் பெண்கள் கணவராலோ கணவராகக் கருதப்பட்டவராலோ கொல்லப்பட்டனர். கரும்பு வெட்டும் கத்தியே பெரும்பாலும் கருவியாயிற்று. பெண்களின் பற்றாக்குறையும் அவர்களின் 'ஒழுக்கமின்மை'யும் கொலைக்குக் காரணம் என அதிகாரிகள் எழுதினர். இந்து முறைப்படி நடந்த திருமணம் பதிவு செய்யப்படாதவரை சட்டத்தின் முன் செல்லாது. டிரினிடாடில் இந்துத் திருமணச் சட்டம் 1946இல்தான் இயற்றப்பட்டது. மணமான பெண்ணுக்குச் சட்டத்தில் மனைவி என்ற நிலையில்லை. விலக விரும்பியவளுக்குப் பாதுகாப்புமில்லை. அவளைப் பற்றிய அதிகாரியின் தீர்ப்பு மட்டும் ஆவணத்தில் நிலைபெற்றது. கொலையுண்டவள் மீதே பழி சுமத்தும் இப்பேச்சும் தாய்வழியாக மகளுக்குச் சென்ற சுமைகளுள் ஒன்று எனக் கருத இடமுண்டு.

தலைமுறை கடந்த உளவடு என்ற கருத்தாக்கம், இரண்டாம் உலகப் போரின் யூதப் பேரழிவிலிருந்து தப்பியோரின் பிள்ளைகளைக் கண்ட மருத்துவர்களால் 1960களில் உருவாக்கப்பட்டது. அது பின்னர் அடிமை முறையின் வழித்தோன்றல்களுக்கும் ஒப்பந்தக் கூலிகளின் வழித்தோன்றல்களுக்கும் விரிக்கப்பட்டது. அடிமை முறையும் ஒப்பந்தக்கூலி முறையும் ஒன்றல்ல. ஒப்பந்தத்திற்கு ஐந்தாண்டு எல்லை இருந்தது, கூலி இருந்தது. ஆயினும், அடிமைகள் விட்டுச்சென்ற அதே வரிசைக் குடியிருப்புகளிலேயே கூலிகள் குடியமர்த்தப்பட்டனர். அத்துயரை அக்குடியிருப்பில் வாழ்ந்தோர் எவ்வாறு தம் மொழியில் சொல்லிக்கொண்டனர் என்பதற்கான விடை வழிபாட்டில் கிடைக்கிறது.

வேப்பிலை சென்ற வழி

கயானாவில் இவ்வழிபாடு இன்று 'காளிமாய் பூசை' என அழைக்கப்படுகிறது. காளியும் மாரியம்மனும் அங்கு ஒருவரே. பரிவாரத் தெய்வங்களாக மதுரைவீரன், முனீசுவரன், காட்டேரி, கங்கையம்மன், சங்கனி ஆகியோரோடு நாகூர் மீரானும் இடம்பெறுவது குறிப்பிடத்தக்கது. அருளாடுபவரை 'மார்லோ' என்பர். மருள், மருளாளி என்னும் தமிழ்ச் சொற்களின் திரிபு அது. துயருற்றவரை நிறுத்தி வேப்பிலையால் வருடி நீக்குவதை இந்திச் சொல்லால் 'ஜாரே' என்பர். பெயரில் வடக்கும் பொருளில் தெற்கும் கலந்துள்ளன. வாராந்தரப் பூசை ஞாயிற்றுக்கிழமையில் நடைபெறுகிறது. திருவேற்காட்டில் ஞாயிற்றுக்கிழமைக்குக் கதிரவன் கதை காரணம். பெர்பிஸில் கரும்புத் தோட்டத்தின் விடுமுறை காரணமாக இருந்திருக்க வேண்டும்.

வடதமிழகத்தில் காட்டேரி பெரிதும் அச்சத்திற்குரியவள். கருவையும் சிசுவையும் வாட்டுபவள் என்ற நம்பிக்கை உண்டு. சில குடும்பங்களில் அவளே குலதெய்வம். கயானாவில் அவள் கருவுற்ற பெண்களையும் பச்சிளங் குழந்தைகளையும் காப்பவளாகக் கொண்டாடப்படுகிறாள். கருவுற்றோருக்காகச் செய்யப்படும் காட்டேரி பூசை மதராஸி மரபின் தனி அடையாளமாயிற்று. கருவுற்ற நிலையிலும் வயல்வேலை செய்த பெண்கள், குழந்தைச் சாவு மலிந்த குடியிருப்பு, மலேரியா ஆகியவற்றின் நடுவில் காட்டேரி இவ்வளவு முதன்மை பெற்றது வியப்பன்று. அஞ்சிய தெய்வத்திடமே அடைக்கலம் தேடியதை 'எச்சம்' என்ற சொல் விளக்காது.

கயானாவின் கடற்கரைப் பகுதியில் மலேரியா 1940களின் இறுதியில், ஜார்ஜ் ஜிக்லியோலி என்ற மருத்துவரின் டி.டி.டி. தெளிப்பு இயக்கத்தால் ஏறத்தாழ ஒழிக்கப்பட்டது. காய்ச்சலுக்காக மாரியை வேண்டிய தேவை அத்துடன் குறைந்திருக்க வேண்டும். ஆனால், வழிபாடு மங்கவில்லை. 1960களிலும் அதன் பின்னரும் வலுவடைந்தது. 1970களில் டிரினிடாடுக்குப் புத்துயிர் அளித்தது. தமிழ்நாட்டிலும் இதே நிலையைக் காண்கிறோம். இந்தியாவில் பெரியம்மை 1975இல் முடிவுக்கு வந்தது. மாரியம்மன் கோயில்களில் கூட்டம் அதற்குப் பின்னரே பெருகியது. உடல்நோயை விட்டு மனநோயின் பக்கமும் குடும்பத் துன்பத்தின் பக்கமும் அம்மனின் பணி நகர்ந்தது எனக் கொள்வதே பொருந்தும்.

பூசையில் துயருற்றவர் மார்லோவின் முன் நிற்பார். தெய்வம் 'மதராஸ்' மொழியில் பேசும். அதாவது தமிழ், தெலுங்குச் சொற்கள் சிதைந்து கலந்த ஒரு மொழியில். அருகில் நிற்பவர் அதைக் கிரியோல் ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொல்வார். கேட்பவருக்கும் சொல்பவருக்கும் முழுமையாகப் புரியாத ஒரு மொழி நடுவே நிற்கிறது. மொழியியல் நோக்கில் இஃது இழப்பே. எனினும், தான் சொல்லத் துணியாததைத் தெய்வம் தன்னிடம் சொல்வதாகப் பெண்ணொருத்தி கேட்கும்போது, அச்சொல்லுக்கு அவள் பொறுப்பாளியல்லள். 'உன் வீட்டில் உனக்கு அமைதி இல்லை' என்று தெய்வம் கூட்டத்தின் நடுவே சொன்னால், மாமியாரும் கணவனும் அதைக் கேட்டாக வேண்டும். புரியாத மொழி அவளுக்கு ஒரு திரையாகிறது.

துன்பத்திற்குக் காரணமாகச் சொல்லப்படுவனவற்றுள் இரண்டு நம் கவனத்திற்குரியவை. ஒன்று, கைவிடப்பட்ட முன்னோர் வழிபாடு: பாட்டன் பாட்டி செய்த பூசையைப் பிள்ளைகள் நிறுத்திவிட்டனர், அதனால் தெய்வம் வருந்துகிறது. கிறித்துவத்திற்கு மாறியதாலோ, வைதிக நெறிக்கு மாறியதாலோ, வெட்கத்தாலோ நின்றுபோன பூசை, பேத்தியின் உடலில் நோயாக வெளிப்படுகிறது என்பது இவ்விளக்கம். தலைமுறை கடந்த உளவடு என்பதற்கு இதைவிட நேரான நாட்டார் வடிவம் இருக்க முடியாது.

மற்றொன்று 'டச்சுக்காரன் பேய்'. பெர்பிஸ் ஆங்கிலேயர் கைக்கு வருமுன் டச்சுக் குடியேற்றமாக இருந்தது. 1763இல் கஃபியின் தலைமையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். கொடிய முறையில் அடக்கப்பட்டனர். அக்காலத் தோட்ட உரிமையாளரின் ஆவி மண்ணில் தங்கி, அங்கு வாழ்வோரை, இந்தியரானாலும் ஆப்பிரிக்க வழியினரானாலும், பிடிக்கிறது என்பது கயானியரின் நம்பிக்கை. மானிடவியலாளர் பிராக்கெட் வில்லியம்ஸ் இப்பேய்க் கதைகளை 1763 கிளர்ச்சியின் நினைவோடு இணைத்து ஆராய்ந்துள்ளார். 1763இல் பெர்பிஸில் தமிழர் எவரும் இல்லை. தமக்கு முன் அம்மண்ணில் பிறர் பட்ட துன்பத்தைப் பின்வந்த பெண்ணின் உடல் ஏற்கிறது. தன் முன்னோரை வாட்டிய முதலாளியின் முகம் மறந்துபோக, அதற்கும் முந்தைய முதலாளியின் பேய் அவளிடம் பேசுகிறது. அதை விரட்ட வருபவள் சென்னைக் கரையிலிருந்து சென்ற மாரி.

கான்ஜே கோட்டையின் மருத்துவமனை

பெர்பிஸின் நியூ ஆம்ஸ்டர்டாம் நகருக்கு அருகே கான்ஜே கோட்டை என்னுமிடத்தில் மனநோயாளர் காப்பகம் இருந்தது. இன்றும் நாட்டின் தேசிய மனநல மருத்துவமனையாக உள்ளது. 1875 முதல் பத்தாண்டுக் காலம் அதன் தலைவராக இருந்த ஸ்காட்லாந்து மருத்துவர் ராபர்ட் கிரீவ் விலங்கிட்டுக் கட்டிவைக்கும் முறையைக் கைவிட்டு, நோயாளருக்கு வேலையும் பொழுதுபோக்கும் தந்தார். 1881இல் காப்பகத்திற்கென ஓர் இதழையும் தொடங்கினார். காலனியச் சூழலில் இது முற்போக்கான செயலே. நோயாளருள் இந்தியக் கூலிகள் பலர். அவர்களின் மொழி மருத்துவரின் மொழியன்று. அன்பாக நடத்தப்பட்ட பெண்ணும் தன் துயரைத் தன் மொழியில் சொல்லிக் கேட்பாரற்றவளாகவே இருந்திருப்பாள்.

எண்பதாண்டுகளுக்குப் பின் அதே பெர்பிஸில் நிகழ்ந்ததே இக்கட்டுரையின் மையம். 1960களில் அமெரிக்க மானிடவியலாளர் பிலிப் சிங்கரும் மனநல மருத்துவர் என்ரிக் அரனெட்டாவும் காளி கோயிலின் ஆற்றுப்படுத்தல் முறையை ஆராய்ந்தனர். அத்துடன் நில்லாமல் மேலைமருத்துவத்தோடு அதை இணைத்துப் பயன்படுத்தவும் முற்பட்டனர். இம்முயற்சியைப் பற்றிய கட்டுரை 1967இல் அமெரிக்க நாடுகளுக்கிடையிலான உளவியல் ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்தது. சனாதன தர்ம அமைப்புகள் உயிர்ப்பலியைக் காட்டி இவ்வழிபாட்டை இழித்துரைத்தன. கிறித்துவ சபைகள் பேய்வழிபாடு என்றன. ஆப்பிரிக்கரின் ஓபியா மாந்திரிகத்தோடு ஒன்றாக்கிப் பேசுவதும் வழக்கமாயிருந்தது. அச்சூழலில் ஒரு மருத்துவமனை காளி கோயிலைத் தன் துணையாக ஏற்றது சிறு செய்தியன்று.

கயானா அப்போது குருதி சிந்திக்கொண்டிருந்தது. 1962 முதல் 1964 வரை இந்தியருக்கும் ஆப்பிரிக்க வழியினருக்குமிடையே இனக்கலவரம் நடந்தது. 1964 மே மாதம் விஸ்மார் என்னும் ஊரில் இந்தியர் வீடுகள் எரிக்கப்பட்டன. பெண்கள் வன்கொடுமைக்கு உள்ளாயினர். 3,000க்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்தனர். அவ்வாண்டுகளில் எந்த இந்தியப் பெண்ணின் மனநோயையும் ஆராய்ந்தவர், அவள் குடும்பத்தின் கதையை மட்டும் கேட்டால் போதாது; நாட்டின் கதையையும் கேட்க வேண்டியிருந்தது. இதற்கிடையில், காலப்போக்கில் காளி கோயிலுக்கு ஆப்பிரிக்க வழியினரும் வந்து நின்றனர் என்பதையும் சொல்ல வேண்டும்.

1976இல் வெளிவந்த மற்றொரு கட்டுரையின் ஆசிரியர்களாக மூவர் பெயர்கள் அச்சாயின: சிங்கர், அரனெட்டா, நாயுடு. மூன்றாமவர் பூசாரி. பெர்பிஸ் காளி வழிபாட்டின் தலைமைப் பூசாரியாகப் புகழ்பெற்ற ஜேம்ஸி நாயுடு அவரே. ஆய்வுக்குரிய பொருளாக இருந்தவர் ஆய்வாளராகத் தம் பெயரைப் பதித்தது அக்கால மானிடவியலில் அரிது. இன்றும் அவ்வளவு எளிதன்று. தமிழ்நாட்டு நாட்டார் வழக்காற்றாய்வில் கோடங்கியோ குறிசொல்லியோ இணையாசிரியராக அச்சேறிய கட்டுரைகளை எண்ணிப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். தகவலாளி என்ற ஒரு சொல்லில் அவர்களை நாம் அடக்கிவிடுகிறோம்.

ஆயினும், அக்கட்டுரையின் தலைப்பு, காளி வழிபாட்டுப் பூசாரி உளஇயக்கவியலையும் நோய்வரலாறு கேட்டறிதலையும் நோயறிதலையும் கற்றுக்கொண்டதைப் பற்றிப் பேசுகிறது. கற்றவர் பூசாரி; கற்பித்தவர் மருத்துவர். எதிர்த்திசையில் மருத்துவம் என்ன கற்றது என்பதற்குத் தலைப்பில் இடமில்லை. பண்பாட்டுணர்வுடைய சிகிச்சை என இன்று பேசப்படுவதிலும் இச்சாய்வு அடிக்கடி தென்படுகிறது. பண்பாடு, நோயாளியைச் சிகிச்சைக்கு இணங்கச் செய்யும் இனிப்புப் பூச்சாகிறது. சிகிச்சையின் அடிப்படைக் கேள்விகளை அது மாற்றுவதில்லை. பெர்பிஸ் கோயில் கேட்கும் கேள்வி, 'உனக்கு என்ன நேர்கிறது' என்பதோடு நிற்பதில்லை; 'உன் குடும்பத்தில் எது நின்றுபோயிற்று' என்றும் கேட்கிறது. துயரம் தனியாளுக்கு உரியது என்ற முன்முடிவை மருத்துவம் கைவிட வேண்டும் எனக் கோரும் கேள்வி அது.

ஆற்றுப்படுத்தலின் எல்லை

இவ்வழிபாட்டைப் போற்றுவதில் ஓர் இடர் உள்ளது. தலைமைப் பூசாரிகள் பெரும்பாலும் ஆண்களே. பெண்கள் அருளாடுகின்றனர், ஆனால், மாதவிலக்கு நாட்களில் கோயிலுக்குள் வர இயலாது. கணவன் அடிப்பதற்குக் காரணம் அவனைப் பிடித்த ஆவி எனக் குறி சொல்லப்பட்டால், அவனுடைய கை குற்றமற்றதாகிறது. மனைவி பூசை செய்கிறாள், நோன்பிருக்கிறாள், வேப்பிலையால் வருடப்படுகிறாள். அவன் மாறாமலேயே இருக்கலாம். நோன்புக் காலத்தில் மதுவும் இறைச்சியும் விலக்கு என்பதால், கணவனும் உடன் நோன்பிருக்கும் வீடுகளில் சில நாட்களுக்கேனும் ரம் இல்லை என்பது சிறு ஆறுதல். அம்மன் பெண்ணின் துயரைக் கேட்கிறாள் என்பது உண்மை. கேட்டபின் யாரைத் திருத்துகிறாள் என்பது கோயிலுக்குக் கோயில் வேறுபடும். பூசாரிக்குப் பூசாரியும் வேறுபடும்.

உலக நலவாழ்வு நிறுவனம் 2014இல் வெளியிட்ட அறிக்கை, 2012ஆம் ஆண்டிற்கான தற்கொலை விகிதத்தில் கயானாவை உலகின் முதலிடத்தில் வைத்தது: ஒரு லட்சம் பேருக்கு 44.2. இறந்தோரில் இந்திய வழியினர் மிகுதி. பூச்சிமருந்து முதன்மையான வழி. கோயில்கள் இருந்தும் இது நிகழ்ந்தது. வழிபாடு அனைத்தையும் ஆற்றியது எனக் கூறுவோர் இவ்வெண்ணைக் கணக்கில் கொள்ள வேண்டும். வழிபாட்டால் பயனில்லை எனக் கூறுவோர், அது இல்லாதிருந்தால் எண் என்னவாகியிருக்கும் என்பதை அறியார்.

புலம்பெயர்ந்த கயானியர் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியிலும் காளி கோயில்களை எழுப்பியுள்ளனர். அங்கு 2007இல் இந்தோ-கரீபியப் பெண்கள் 'ஜஹாஜி சிஸ்டர்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினர். பெண்கள்மீதான வன்முறைக்கு எதிராக இயங்குவது அது. ஒரே கப்பலில் வந்தவர் உடன்பிறந்தோருக்கு நிகர் என்ற 'ஜஹாஜி' உறவை, ஒப்பந்தக்கூலிக் காலத்திலிருந்து அவர்கள் பெயராக எடுத்துக்கொண்டனர். கோயில் தராததை இவ்வமைப்பு தருகிறது: அடிப்பவனை ஆவி எனச் சொல்லாமல் ஆள் எனச் சொல்லும் துணிவு. ஜமைக்காவில் பிரடெரிக் ஹிக்லிங் என்ற மனநல மருத்துவர் 1970களின் இறுதியில் கிங்ஸ்டன் பெல்வியூ மருத்துவமனையில், நோயாளர் தம் நாட்டின் வரலாற்றைக் கூட்டாக விவாதித்து நாடகமாக்கும் முறையை வளர்த்தார். அடிமை வரலாற்றைப் பேசுவதே அங்குச் சிகிச்சையாயிற்று.

மட்டக்களப்பும் தமிழ்நாடும்

அம்மன் வாக்கும் பெண்களின் கூட்டுத் துயரும் சந்தித்த மற்றோரிடம் கிழக்கிலங்கை. போர்க்காலத்தில் மகன் எங்கே என அறியாத மட்டக்களப்புத் தாய்மார் காளி, மாரி கோயில்களில் வாக்குச் சொல்வோரிடம் சென்றதை மானிடவியலாளர் பட்ரீசியா லாரன்ஸ் ஆராய்ந்துள்ளார். முகாம் வாசலில் கேட்க இயலாத கேள்வியைக் கோயிலில் கேட்க முடிந்தது. உயிரோடிருக்கிறான் என்றோ இல்லை என்றோ சொல்லும் துணிவு அங்கு அம்மனுக்கு மட்டுமே இருந்தது. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போரின் உளவடுவைத் தனியாளின் நோயாக மட்டும் காணாமல் சமூகத்தின் காயமாகக் காண வேண்டும் எனத் தொடர்ந்து எழுதிவருபவர். சடங்குகளுக்கும் மரபுவழி ஆறுதல்களுக்கும் அவர் சிகிச்சையில் இடமளித்தார். பெர்பிஸில் அரனெட்டாவின் முயற்சிக்கு மிக அணுக்கமான தமிழ் நிகர் இதுவே.

தமிழ்நாட்டில் இவ்வினா அச்சத்தோடு பிணைந்தே பேசப்படுகிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகமொன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் மாண்டனர். அதற்குப் பின் வழிபாட்டுத் தலத்தில் மனநோயாளர் தங்குவது என்றாலே சங்கிலி நினைவுக்கு வரலாயிற்று. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்தது. சரியான சட்டம் அது. ஆனால், ஏர்வாடித் தீக்கு ஓராண்டுக்கு முன், 2000இல், பெங்களூரு தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த ஆர். ரகுராம் முதலானோர் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 நோயாளரை ஆராய்ந்திருந்தனர். அங்குச் சிறப்பான சடங்கு ஏதுமில்லை. கோயிலைப் பெருக்குவது, செடிக்கு நீர் ஊற்றுவது போன்ற எளிய பணிகளே. சில வாரங்களில் நோய்க்குறி அளவீடு 52.9இலிருந்து 42.9ஆகக் குறைந்தது. 2002இல் பிரித்தானிய மருத்துவ இதழில் இது வெளிவந்தபோது தமிழ்நாடு ஏர்வாடியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது. தங்க இடம், செய்ய வேலை, துரத்தாத மனிதர்கள் ஆகிய மூன்றும் ஒரு கோயிலில் கிடைத்தன; சங்கிலி அங்கு இல்லை. கிரீவ் கான்ஜே கோட்டையில் தந்தவையும் ஏறத்தாழ இவையே.

அவர் தர இயலாதது மொழி. முகப்பேர் இல்லத்தில் இது நாள்தோறும் எழும் சிக்கல். சென்னைத் தெருக்களில் மீட்கப்படும் பெண்களுள் தமிழறியாதோர் பலர். வங்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் தொடர்வண்டியேறி வந்து சேர்ந்தோர். கூலிப் பதிவேடு தழும்பைக் குறித்ததுபோல் இங்கும் முதலில் உடலே பரிசோதிக்கப்படும். பின்னர், மாதங்கள் கழிந்து, அவள் ஒருநாள் ஓர் ஆற்றின் பெயரையோ சந்தையின் பெயரையோ சொல்லக்கூடும். அச்சொல் எந்த மொழி, எந்த மாவட்டம் எனத் தெரிந்த ஒருவரைத் தேடிப் பணியாளர் அலைகின்றனர். அவ்வொருவர் கிடைத்த பிறகே அவளுடைய நோய்வரலாறு எழுதத் தொடங்கப்படுகிறது.